பாறைகளை இனங்காணும் செய்மதியும் நாடுகளின் உரிமையும்

1972 ஜூலை 23 இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய முதலாவது லான்ட்சற் செய்மதி, புவி மேற்பரப்பை நான்கு ஒளிப்பட்டைகளிற் பதிவுசெய்தது. ஏறத்தாழ 80 மீற்றர் அகலமான நிலம் அப்பதிவில் ஒரு புள்ளியே. இத்துணைப் பரும்படியான படத்தைக்கொண்டு ஒரு பாறையை மற்றொன்றிலிருந்து பிரித்தறியக் கூடுமா? இவ்வினாவின் வரலாற்றையும், அதனோடு பிணைந்த உரிமைப் பிரச்சினையையும் ஈண்டு நோக்குவோம்.

நெவாடா மாநிலத்திலுள்ள கோல்ட்ஃபீல்ட் ஒரு பழைய பொற்சுரங்கப் பகுதி. வரண்ட நிலமாதலின், எமது நாட்டின் ஈரவலயத்திற் போலன்றி, அங்கு பாறைகள் தாவரப் போர்வையின்றி வெளித்தெரிகின்றன. அப்பகுதி பற்றி லோரன்ஸ் ரோவனும் உடனாய்வாளரும் 1974 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். சாதாரண படத்தில் ஒரே பாறை வெயிற்சரிவில் வெளிறியும் நிழற்சரிவிற் கருத்தும் தோன்றும். ஒரு பட்டையின் ஒளியளவை இன்னொரு பட்டையின் அளவால் வகுத்தால் இம்மயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். எஞ்சுவது பாறைக்கே உரிய வேறுபாடு. இவ்விகிதங்களுக்கு நிறமூட்டியபோது, நிலத்தடி வெந்நீர்க் கரைசல்களால் மாற்றமுற்ற பாறைகள் ஏனையவற்றினின்று பிரிந்து தெரிந்தன. பொன், செம்பு முதலியவற்றைத் தேடுவோர் நாடுவது அத்தகைய பாறைகளையே.

ஆயினும் அம்முறை பெரிதும் இரும்பு ஒட்சைட்டின் சாயலையே நம்பியிருந்தது. களிக் கனிப்பொருள்கள் ஒளியை உறிஞ்சுவதோ 2.2 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தை அண்டி. முதற் செய்மதியின் கருவி 1.1 ஐத் தாண்டவில்லை. 1982 இல் ஏவப்பட்ட நான்காவது லான்ட்சற்றின் புதிய கருவியில், புவிச்சரிதவியலாளரின் கோரிக்கைப்படி 2.08 முதல் 2.35 வரையிலான பட்டை பிந்திச் சேர்க்கப்பட்டது. அலைநீள வரிசைப்படி ஆறாவதாக வரவேண்டிய அது ஏழாவது எனப் பெயர்பெற்றமை அதனாலேயே.

இனி உரிமைக்கு வருவோம். இயற்கை வளங்கள் மீதான நிரந்தர இறைமையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1962 இற் பிரகடனஞ் செய்திருந்தது. ஆனால் ஒரு நாட்டின் பாறைகளை அந்நாடு அறியுமுன் பிறர் அறியும் நிலை இப்போது தோன்றிவிட்டது. படம்பிடிக்கப்படும் நாட்டின் முன்னனுமதி வேண்டும் என வளர்முக நாடுகள் பல வாதாடின. 1986 டிசம்பர் 3 இல் ஏற்கப்பட்ட தொலையுணர்வுத் தத்துவங்களில் முன்னனுமதி இடம்பெறவில்லை. பாரபட்சமின்றி, நியாயமான விலையில், தரவுகளைப் பெறும் வாய்ப்பே எஞ்சியது.

நியாயமான விலை யாது? 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே லான்ட்சற் படங்களின் விற்பனை தனியார் கைக்கு மாறியது. புதிய கருவியின் ஒரு படத்துக்கு 4000 டொலருக்கும் மேல் கொடுக்க நேர்ந்தது. சஞ்சிகைச் சந்தாவுக்கே நிதி தேடும் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு இது எட்டுமா? பெருஞ் சுரங்கக் கம்பனிகளுக்கு எட்டியது. 2008 இலேயே லான்ட்சற் படத்தொகுதி யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதனைத் திறந்தது 1986 இன் தத்துவங்களன்று, ஐக்கிய அமெரிக்காவின் தனித் தீர்மானமே என்பதையும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.