கண்டெடுத்தவர் தொலைந்த கதை

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் என் மூத்த பேரன். தெற்குப் பிரான்சில் நீஸ் நகருக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். வீடியோவில் அவன் ஒரு பலகைமேல் நின்றுகொண்டு கடலில் போகிறான். அலை இல்லை, பாய் இல்லை, கயிறு கட்டி இழுக்கப் படகும் இல்லை. போதாததற்கு அந்தப் பலகை தண்ணீரிலேயே படவில்லை. இரண்டடி உயரத்தில் காற்றில் மிதந்து போகிறது.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள விழுந்துடப் போறான், முதல்ல இறங்கச் சொல்லுங்க" என்றாள்.

உடனே போன் போட்டேன். "பயப்படாதீங்க தாத்தா. இது எலெக்ட்ரிக் பலகை, பேட்டரியில ஓடுது. புதுசா வந்த கண்டுபிடிப்பு. உங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்றான்.

'உங்க காலத்துல கிடையாது' என்ற சொல்லைக் கேட்டால் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். உங்களுக்கும் அப்படித்தானே? சரி, இதன் பூர்வீகம் என்ன என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சுப் பழைய புத்தகங்களைப் புரட்டுவது இன்றும் எனக்குப் பொழுதுபோக்கு. புரட்டப் புரட்ட ஒன்று தெரிந்தது. பேரன் ஏறி நின்ற பலகை புதியது. ஆனால் அதை ஓட்டுகிற யோசனைக்கு என் தாத்தாவைவிட வயது அதிகம்.

முதலில் அந்தப் பலகையைச் சொல்லிவிடுகிறேன். அதை 'ஈ-ஃபாயில்' என்கிறார்கள். பார்க்க அலைச்சறுக்குப் பலகை போலவே இருக்கும். வயிற்றுப் பகுதியில் பேட்டரி. அடியில் ஒரு கம்பம் தண்ணீருக்குள் இறங்குகிறது. கம்பத்தின் கீழ் முனையில் ஒரு சின்ன மோட்டார், அதில் ஒரு சுழல்விசிறி, கூடவே விமானத்துக்கு இருப்பது போல இரண்டு இறக்கைகள். கையில் ஒரு சிறிய கருவி; அதன் விசையை விரலால் அழுத்தினால் வேகம் கூடும். வேகம் கூடியதும் தண்ணீருக்குள் இருக்கும் இறக்கைகள் ஆளோடு சேர்த்துப் பலகையை மேலே தூக்கிவிடும். பலகை தண்ணீரில் உரசாததால் குறைந்த சக்தியில் நிறைய தூரம் போகும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. இறக்கை இல்லாத வகை ஒன்றும் உண்டு. அது தண்ணீரை உள்ளே உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடித்து ஓடும்.

மின்சாரத்தால் படகு ஓட்டலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி மோரிட்ஸ் யாக்கோபி. ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றியவர். 1838இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நேவா ஆற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறிய படகை மின்சாரத்தால் ஓட்டினார். நம் தெருக்களில் மின்விளக்கு வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பு! ஆனால் பேட்டரியின் சுமை படகையே அடைத்துக்கொண்டது. அது வேடிக்கையாகவே நின்றுபோனது.

அதற்கு 43 ஆண்டுகள் கழித்து வந்தவர்தான் என் கதாநாயகர். பெயர் குஸ்தாவ் துரூவே. 1839இல் பிரான்சில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தத்துவ ஞானி ரெனே தெகார்த் பிறந்ததும் அதே ஊர்தான். இன்று அந்த ஊருக்கே தெகார்த் என்றுதான் பெயர். துரூவே பாரீசுக்கு வந்து கடிகாரம் செய்பவரிடம் வேலை பார்த்தார். பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். கை நிறையப் புத்தி உள்ள மனிதர். காயம்பட்டவர் உடம்பில் தங்கிய துப்பாக்கிக் குண்டைக் கண்டுபிடிக்க ஒரு மின்கருவி செய்தார். நாடகக்காரர்களுக்கு மினுக்மினுக்கென்று எரியும் மின்நகைகள் செய்தார். 1881 ஏப்ரலில் பாரீஸ் தெருவில் மின்சார மூன்றுசக்கர வண்டி ஓட்டினார். அடுத்த மாதமே அதே யோசனையைத் தண்ணீரில் இறக்கினார்.

சேன் நதியில் ஒரு சிறு படகு. அதற்கு அவர் வைத்த பெயர் 'தெலெஃபோன்'. அப்போது தொலைபேசி புதுசு, அதனால் அந்தப் பெயர். அதுவரை மோட்டாரைப் படகுக்குள் பதித்தார்கள். துரூவே செய்தது வேறு. மோட்டார், சுழல்விசிறி, சுக்கான் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படகின் பின்புறம் மாட்டினார். வேலை முடிந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சுக்கானைத் திருப்பினால் விசிறியும் கூடவே திரும்பும். இன்று உலகம் முழுவதும் படகின் பின்னால் கழற்றி மாட்டுகிற மோட்டார்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது. நம் மீனவர்கள் மோட்டாரைத் தோளில் வைத்துக் கரைக்குத் தூக்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வசதியை முதலில் யோசித்தவர் இவர்.

அவருடைய பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துத்தநாகத் தகடும் கரித்தகடும், அவற்றுக்கு அமிலக் கரைசல். தகடுகளைக் கிணற்று ராட்டினம் போன்ற ஓர் உருளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஓட வேண்டுமா, உருளையைச் சுற்றித் தகடுகளை அமிலத்துக்குள் இறக்கு. நிற்க வேண்டுமா, மேலே தூக்கு. பேரன் விரலால் விசையை அழுத்துகிறான். துரூவே கைப்பிடியைச் சுற்றினார். செய்தது ஒரே காரியம்தான்.

பிறகு ஏன் இது 130 ஆண்டுகளுக்கு மேல் படுத்துவிட்டது? முயற்சி இல்லாமல் இல்லை. 1886இல் 'வோல்தா' என்ற மின்படகு டோவரிலிருந்து கலே வரை போய்த் திரும்பி வந்தது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் மின்படகுகள் வரிசையாக ஓடின. ஆனால் அதற்குள் பெட்ரோல் வந்துவிட்டது.

நாம் மின்கட்டணம் கட்டும் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 12 யூனிட். இயந்திரத்தில் முக்கால் பங்கு வெப்பமாக வீணானாலும் 3 யூனிட் மிஞ்சும். ஒரு கிலோ ஈய பேட்டரியிலோ 0.03, 0.04 யூனிட்தான். பேரன் ஏறிய பலகையின் பேட்டரியில் சுமார் 2 யூனிட் இருக்கிறது. அதை ஈய பேட்டரியில் வைக்க வேண்டுமானால் ஐம்பது கிலோவுக்கு மேல் போகும். அதைத் தூக்கிக்கொண்டு பலகை எங்கே பறப்பது?

அதனால் பலகைக்கும் முதலில் பெட்ரோல்தான். 1960களில் அமெரிக்காவில் பெட்ரோல் இயந்திரம் வைத்த அலைச்சறுக்குப் பலகைகள் விற்பனைக்கு வந்தன. சத்தமும் புகையும் அதிகம், பரவவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் 'ஜெட் ஸ்கீ' என்ற நீர் மோட்டார்சைக்கிளைக் கொண்டுவந்தது. 1990களில் ஹவாய்த் தீவுகளில் லேர்ட் ஹாமில்டன் போன்ற வீரர்கள் அதைக் கொண்டு தங்களைப் பேரலைக்குள் இழுத்துவிடச் செய்தார்கள். காரணம் உண்டு. அலை பெரிதாகப் பெரிதாக வேகமும் கூடும். கையால் தண்ணீரைத் தள்ளி அதை எட்டிப்பிடிக்க முடியாது.

தண்ணீருக்கடியில் இறக்கை வைப்பதும் பழைய யோசனைதான். இத்தாலியில் என்ரிகோ ஃபொர்லானினி 1906இல் மஜோரே ஏரியில் அப்படி ஒரு படகை எழுப்பிக் காட்டினார். தொலைபேசி தந்த கிரகாம் பெல் 1919இல் கனடாவில் இறக்கைப் படகு ஒன்றை மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் செய்து சாதனை படைத்தார்.

மோட்டாரும் இருந்தது, இறக்கையும் இருந்தது. பேட்டரி ஒன்றுதான் பாக்கி. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் சட்டைப்பையில் கைப்பேசிக்குள் இருப்பது அதுதான். அதற்கு அடித்தளம் இட்ட மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃப் அவர்களுக்கு அப்போது வயது 97. ஓய்வு பெற்றாயிற்று, இனி என்ன என்று உட்காரும் நம் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

லித்தியத்தில் அதே 2 யூனிட் சுமார் 15 கிலோவில் அடங்கிவிட்டது. 2010களில் சுவீடன் நாட்டில் ராடின் என்ற நிறுவனம் மின்பலகை செய்தது. 2018ஐ ஒட்டிப் புவெர்ட்டோ ரிக்கோவில் லிஃப்ட் நிறுவனமும் ஆஸ்திரேலியாவில் ஃப்ளைட்போர்டு நிறுவனமும் இறக்கை வைத்த பலகைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒன்றரை மணி நேரம் வரை ஓடுகிறதாம். "ஊருக்கு வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வாடா" என்று பேரனிடம் கேட்டேன். சிரித்தான். ஒரு பலகையின் விலை கார் வாங்கும் விலையாம். விமானத்திலும் ஏற்ற மாட்டார்களாம். தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் பயணிகள் எடுத்துப்போகும் பேட்டரிக்கு 0.16 யூனிட்தான் உச்சவரம்பு. இதுவோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு.

ஆக, துரூவே தவறான வழியில் போகவில்லை. சரியான வழியில் ரொம்ப முன்னால் போய்விட்டார், அவ்வளவுதான்.

இதுவரை படித்தபோது எனக்கு உற்சாகம்தான். அடுத்துப் படித்ததுதான் மனத்தை என்னவோ செய்துவிட்டது.

1902இல் அவர் தோல் நோய்க்கு ஒளிச் சிகிச்சை தரும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். விரலில் வெட்டுப்பட்டது. சின்னக் காயம்தானே என்று கவனிக்காமல் விட்டார். சீழ் ஏறிப் பாரீசில் சேன் லுயி மருத்துவமனையில் இறந்துபோனார். திருமணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை குட்டி கிடையாது. சொந்த ஊரில் புதைத்தார்கள். பிரெஞ்சுக் கல்லறை வழக்கம் நம் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். கல்லறை இடத்துக்கு 'கொன்செசியோன்' உண்டு. காலம் முடிந்தால் யாராவது புதுப்பிக்க வேண்டும். அவருக்குப் புதுப்பிக்க ஆளில்லை. எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். அவர் விட்டுப்போன காகிதங்கள் ஊர் மெரியில் இருந்தன. 1980 பிப்ரவரியில் அங்கே தீப்பிடித்து அவையும் எரிந்துபோயின.

'துரூவே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் 'கண்டெடுக்கப்பட்டது' என்று பொருள். அந்தப் பெயர் கொண்டவரைத்தான் தொலைத்திருக்கிறார்கள். என் பள்ளிப் பாடத்தில் அம்பேர் இருந்தார், பஸ்தேர் இருந்தார், இவர் இல்லை.

இதில் எனக்கென்ன வருத்தம் என்று கேட்பீர்கள். நான் எழுத்தராக இருந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன். ஓர் அலுவலகத்தில் நான் இருந்தபோது பதிவறையில் பழைய பணிப் பதிவேடுகளைக் கரையான் அரிக்க ஆரம்பித்திருந்தது. பார்த்தேன். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு விதவைப் பெண் வந்தார், கணவருடைய பணிக்காலச் சான்று வேண்டும் என்று. அந்தப் பக்கத்தில் கரையான் மண்தான் இருந்தது. "வேற எதுலயாவது எழுதி வச்சிருப்பீங்களா ஐயா?" என்று கேட்டார். எழுதி வைக்கவில்லை. நான் ஓய்வு பெறும் நாள் வரை அந்தக் கோப்பு முடியவில்லை. அந்த அம்மாள் முகம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மெரியில் வைத்த தீ யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல. கல்லறையைத் தோண்டியவரும் சட்டப்படிதான் செய்தார். நானும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு மனிதன் செய்த வேலை மறைந்துபோவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே போதும்.

நல்ல வேளை, கெவின் டெஸ்மண்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சிதறிக் கிடந்த செய்திகளைத் தேடிச் சேர்த்து இவருடைய வரலாற்றை எழுதினார். பிறகு பாரீசில் இவர் பட்டறை இருந்த 14, ரூ விவியேன் என்ற முகவரியில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து!

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப நான் ஓட்டுனது அவரோடதா தாத்தா?" என்று கேட்டான். பாதி அவருடையதுதான் என்றேன். அடுத்த முறை பாரீஸ் போகும்போது ரூ விவியேன் போய் அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். வந்ததும் இங்கே போடுகிறேன்.

நண்பர்களே, நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பழைய புகைப்படம் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பின்பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதினால் நல்லது, மை பரவாது. நான் நேற்று பதினேழு படங்களுக்கு எழுதி முடித்தேன். மூன்று பேர் யாரென்று எனக்கே தெரியவில்லை. கேட்கவும் இப்போது யாரும் இல்லை.