தியாகராய நகர்ப் பட்டும் சுங்கச் சுவரும்

சென்னைத் தியாகராய நகரின் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள பட்டுக்கடைகளின் வாணிபம் காஞ்சிபுரத்தோடு முடிந்துவிடுவதாகவே பலரும் எண்ணுவர். 1928இல் நல்லி சின்னசாமி செட்டி இங்குக் கடை தொடங்கிய நாள்தொட்டு அவ்வுறவு நிலைத்திருப்பது உண்மையே. ஆயினும், காஞ்சித் தறிக்குரிய நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. அந்நூலின் விலையிலோ சீனப் பட்டின் நிழல் விழுகிறது. இரண்டிற்கும் இடையே நிற்பது அரசின் இறக்குமதிக் கொள்கை.

அயல்நாட்டுப் பட்டின் மலிவால் மைசூரிலும், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலிலும் பட்டுவளர்ப்பு நலிந்தது. அதனைக் காக்க 1934இல் காப்புவரி உயர்த்தப்பட்டது. விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நேர, வரியுடன் உரிமமும் அளவுக் கட்டுப்பாடும் சேர்ந்தன. வரி விலையைக் கூட்டும். அளவுக் கட்டுப்பாடோ சரக்கையே சுருக்கும். உரிமம் கைவரப்பெற்றவர்க்கு அதுவே தனிச்செல்வம். பெறாதவர் கேட்ட விலை கொடுத்தனர். கள்ளச் சரக்கும் எல்லை கடந்தது.

1990களின் இறுதியில் தொடங்கி 2001 ஏப்ரலில் நிறைவுற்ற தளர்வுகளால் அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. மலிவான சீன நூல் பெருகவே, 2003இல் பொருள்குவிப்புத் தடுப்புவரி வந்தது. கச்சாப்பட்டின் சுங்கவரி 2011இல் 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. 2013இல் 15 ஆயிற்று. பின்னர் 10 ஆகி, 2021இல் மீண்டும் 15 ஆனது.

இவ்வூசலாட்டத்தில் துன்புறுபவர் யார்? திருமணப் பருவத்திற்கென முன்கூட்டியே சரக்கு வாங்கிவைக்கும் சிறு வணிகரே. வரி குறைந்தால் அவரது இருப்பின் மதிப்புச் சரிகிறது. ஏறினால் புதுச் சரக்கிற்கு முதல் போதுவதில்லை. பெருங்கடைகள் தாங்கிக்கொள்கின்றன. சீன நூலை நம்பி நெய்யும் வாராணசி அன்சாரி நெசவாளர்க்கு ஒவ்வொரு வரியுயர்வும் கூலியையே தொடுகிறது. வரி குறையும்போதோ கர்நாடகத்து மல்பெரி உழவர் கலங்குகிறார்.

மதீனாவிற்குக் கோதுமையும் எண்ணெயும் மிகுதியாக வரவேண்டி, நபத்தீய வணிகர் அவற்றிற்குச் செலுத்தும் வரியைக் கலீஃபா உமர் (ரலி) பத்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைத்தார். பருப்பு வகைகளுக்கோ பத்தில் ஒன்றையே பெற்றார். மக்களின் தேவையே அங்கு அளவுகோலாயிருந்தது. உழவரைக் காக்கும் சுவர் தேவையே. ஆனால் அதன் உயரம் ஆண்டுக்கொருமுறை மாறுமாயின், அதன் இருபுறத்தும் இருக்கும் எளியோர்க்கு அது அரணாகாது என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் பாடமாகும்.