இசைத்தட்டும் எண்ணிய காசும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள ஊர் புதுக்குடியிருப்பு. வயலும் தென்னையும் காடும் சூழ, கீழ்த்திசையில் கடலை அண்மித்துள்ள இவ்வூரில் இன்று ஒரு சிறுவன் தன் கையிலுள்ள தொலைபேசியைத் தொட்டவுடன் எப்படத்தின் இசையும் ஒலிக்கக் கேட்கலாம். எதை வாங்குவது, எதை விடுவது என்னும் கேள்வியே அவனுக்கு எழுவதில்லை. அவனுடைய பாட்டனாருக்கோ அக்கேள்வி சிறியதன்று. அறுவடை முடிந்து, கடன் தீர்த்து, பிள்ளைகளின் உடைக்கும் கொப்பிக்கும் ஒதுக்கியபின் எஞ்சிய காசைக் கொண்டே திரைப்பட இசையில் எது வீட்டிற்கு வரலாமென அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அத்தீர்மானத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாறு ஏறத்தாழ மூன்று நிமிடங்களிலிருந்து தொடங்குகிறது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்து அங்குல அரக்குத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய இசை அவ்வளவே. ஒரு தட்டு வாங்கினால் இரண்டு பாடல்கள். பெரும் பாட்டாயின் ஒன்றே இரு பக்கமும் நிரம்பும். பேசும் படங்களின் தொடக்க காலத்திலோ பாடல்களுக்குக் குறைவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி' 1934இல் வெளிவந்தபோது அதில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இருந்தனவென்பர். அத்தகைய படமொன்றின் இசை முழுவதையும் தட்டுகளாக ஒருவன் வாங்க எண்ணின், அவன் பெட்டகமும் செல்வமும் உடையவனாக இருத்தல் வேண்டும். மற்றையோர் ஒன்றோ இரண்டோ தெரிந்தெடுத்தனர். கிராமபோன் பெட்டி வில்லினால் இயங்கியது, மின்சாரம் வேண்டியதில்லை. ஆதலால் மின்விளக்கு எட்டிப்பாராத ஊர்களிலும் அது குடிபுகுந்தது. ஆயினும் உருக்கு ஊசி தேய்ந்தால் தட்டும் தேயும். ஊசிக்குக் காசு மிச்சம் பிடித்தவர் தட்டுக்கு இருமடங்கு இழந்தார்.

வாங்குமுன் கேட்டறிய வழி யாது? இவ்விடத்தில்தான் வானொலி வந்து சேர்கிறது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950 செப்ரெம்பர் 30இல் தொடங்கியது. இரண்டாண்டுகள் கழித்து இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பனவெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவை அருகி மறைந்தன. 1957 ஒக்ரோபர் 3இல் 'விவித பாரதி' பிறக்கும்வரை, தமிழகத்தாரும் கொழும்பைத் திருப்பியே தம் நாட்டுப் படப்பாடல்களைக் கேட்டனர். ஓர் அமைச்சரின் கண்டிப்பு அயல்நாட்டு நிலையமொன்றிற்கு இத்துணைப் புகழை ஈட்டித் தந்தது வேடிக்கையே. வன்னியிலுள்ளோருக்கு அது அயல்நிலையமும் அன்று. தேநீர்க்கடையிலோ அயல்வீட்டிலோ ஒரு பாடலைப் பத்து முறை, இருபது முறை கேட்டு, அதன்பின்னும் அலுக்கவில்லையெனின் அதுவே காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. வானொலி ஓயாது ஒலிபரப்பும் பாடலை விலைகொடுத்து வாங்குவது வீண் என்று கருதினாரும் இருந்திருப்பர்; வானொலியில் அருகியே கேட்கும் பாடலைத் தேடி வாங்குவதே மதியென்பது அன்னார் வழி. இரு வழக்கிலும் நியாயம் உண்டு.

திருமண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டோரின் கணக்கு வேறானது. அவர்கள் தம் சுவைக்காக வாங்கவில்லை. புதிய படத்தின் தட்டு கையில் இல்லையேல் அடுத்த அழைப்பு அயலூர்க்காரனுக்குப் போய்விடும். ஊரிலே பலர் ஒரு படத்தைப் பார்க்குமுன்னரே அதன் பாடல்களை மனனஞ் செய்திருந்தமைக்கு வானொலியோடு இவர்களும் காரணராவர்.

தட்டிலே கிடைத்தது பாடல் மட்டுமே என்பதையும் குறித்தல் வேண்டும். காட்சிக்குப் பின்னே ஒலிக்கும் இசையைத் தனியே பதிந்து விற்கும் வழக்கம் தமிழில் வேரூன்றவில்லை. மேல்நாட்டில் 1942இல் வெளிவந்த 'ஜங்கிள் புக்' படத்துக்கு மிக்லோஸ் ரோசா அமைத்த பின்னணியிசை, தட்டுத் தொகுதியாகவே விற்பனைக்கு வந்தது. அதில் இசைக்கிடையே கதை சொல்லும் குரல், மைசூரில் யானைப்பாகனின் மகனாய்ப் பிறந்து நடிகரான சாபுவின் குரலாகும். தமிழ் கேட்போருக்கு இதற்கு ஈடாகக் கிட்டியது கதை வசனத் தட்டு. 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களின் உரையாடல்கள் தட்டுகளாக வெளிவந்தன. வசனத்துக்காக வாங்கியவன், அதன் அடியில் ஓடிய வாத்திய இசையையும் விலையின்றிப் பெற்றான். சிக்கனமாக வாங்க விரும்பியவனுக்கு இதனிலும் சிறந்த கொள்முதல் இல்லை எனலாம்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி அரிசிக்கும் மருந்துக்குமே போதாதிருந்த நாட்டில் இசைத்தட்டு ஆடம்பரப் பொருளாயிற்று. நான்கு பாடல்கள் கொண்ட சிறுதட்டும், பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒலிக்கும் நெடுந்தட்டும் இந்தியாவில் பரவியிருந்த காலம் அது. இங்கோ வைத்திருந்ததைக் கீறலின்றிக் காப்பதே பெரும் வேலை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் 'கசற்' எனப்பட்ட ஒலிநாடாப் பேழை வந்தது. மத்திய கிழக்கிற்குத் தொழில் நாடிச் சென்றோர் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொணர்ந்தனர். பட்டினங்களில் 'ரெக்கோடிங் பார்' என்னும் பதிவுக்கூடங்கள் தோன்றின. வெற்று நாடாவையும், விரும்பிய பாடல்களின் பட்டியல் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து தருவர். அவ்வாறு பதிந்த நாடாக்களால் இசையமைப்பாளருக்கு ஒரு சதமும் போய்ச்சேரவில்லை என்பது உண்மை. வாங்கியோர் அதனை எண்ணிப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

தெரிவு என்பது கலையாக வளர்ந்தது இப்பட்டியலிலேதான். அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு முப்பது நிமிடம். பாடல் ஆறு அல்லது ஏழு. தொண்ணூறு நிமிட நாடா கணக்குக்கு மலிவு. ஆனால் அதன் இழை மெல்லியது, கருவிக்குள் எளிதிற் சிக்கிக்கொள்ளும். ஆகவே அனுபவமுடையோர் அறுபதையே நாடினர். ஒரு படம் முழுவதையும் ஒரு பக்கத்தில் எடுப்பதா, பல படங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவதா? முன்னதைச் செய்தால் பிடிக்காத இரு பாடல்களும் கூடவே வரும். பின்னதைச் செய்தால் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, தாயாருக்குப் பக்திப் பாடல் ஒன்று என்று பங்கிட வேண்டும். அந்தச் சிறு தாளிலே ஒரு குடும்பத்தின் வழக்கும் தீர்ப்பும் ஒருங்கே இருந்தன.

'அன்னக்கிளி'யுடன் 1976இல் அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் பெருகிய காலத்தில் மற்றொரு நுட்பமும் தெரிந்தது. பல்லவிக்கு முன்னும் சரணங்களுக்கு இடையிலும் வரும் வாத்தியப் பகுதிகள் பாடலின் உயிர்நிலையாயின. பக்கம் முடியும்போது பாடலை இடையில் அறுத்த பதிவாளர் வாடிக்கையாளரின் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டார். பாடகரின் குரலைத் தாண்டி இசையமைப்பைக் காதுகள் எண்ணத் தொடங்கியமைக்கு இது சான்று.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றரியும் அகப்பட்டது. மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவிலே வானொலியையும் ஒலிநாடாக் கருவியையும் இணைத்தனர். ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும். இனி ஒரு பாடலின் விலை காசன்று, தோள்வலி. சுழற்றுபவர் எந்தப் பாடலுக்குச் சம்மதிப்பார் என்பதே தெரிவை முடிவுசெய்தது.

இதனினும் கடுமையானது வேறொன்று. புதிய நாடா கிடைக்காதவிடத்து, புதிய பாடலைப் பதிய வேண்டின் பழையதை அழிக்க வேண்டும். பேழையின் விளிம்பிலுள்ள சிறு தகட்டை முறித்துவிட்டால் அதன்மேற் பதிய முடியாது. முறித்த துளையைக் காகிதத்தால் அடைத்தால் மீண்டும் பதியலாம். அத்துளையை அடைப்பதற்குமுன் தயங்காதவர் யார்? சில நாடாக்களில் இருந்தவை பாடல்களும் அல்ல. கடல் கடந்து சென்ற மகன், கடிதம் எழுதுவதற்குப் பதிலாகத் தன் குரலைப் பதிந்து அனுப்பும் வழக்கம் ஈழத்தமிழரிடையே இருந்தது. படப்பாடலா, பிள்ளையின் குரலா என்று வந்தபோது தாய்மார் எதைக் காத்தனரென்று விளக்கவேண்டியதில்லை. பாடல் நாளை வானொலியில் மீண்டும் வரும்.

2002இல் ஏ-9 பெருந்தெரு திறக்கப்பட்டபோது குறுந்தட்டுகள் வன்னிக்குள் பெருகின. நூறு பாடல்கள் ஒரே தட்டில் அடங்கின. தெரிந்தெடுக்கும் தேவை குன்றிய அந்த இடைவேளை நெடிது நிலைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் போர் புதுக்குடியிருப்பைச் சூழ்ந்தது. மக்கள் கையில் அகப்பட்டவற்றுடன் கரையோரத்தை நோக்கி நகர்ந்தனர். அரிசி, உடை, அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று மூட்டையில் இடம் நிரம்பியது. அதுவும் ஒரு தெரிவே. பின்னைய ஆண்டுகளில் ஊர் திரும்பியோரை எதிர்கொண்டவை கூரையற்ற சுவர்கள்.

அன்று ஒலித்த இசைத்தட்டுகள் பல கொழும்பில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் உள்ளன. வீடுகளில் அழிந்த பாடல்களையும் இன்று தொலைபேசியிலே தேடிப் பெறலாம். பேழைக்குள் மடித்து வைத்திருந்த அட்டையோ அவ்வாறு கிட்டாது. முதற் பக்கம், இரண்டாம் பக்கம் என்று கோடிட்டு, பேனையால் இலக்கமிட்டு எழுதப்பட்ட பன்னிரண்டு பாடல்கள். அவற்றுள் ஒன்று அடிக்கப்பட்டு, அதன்மேல் வேறொரு கையெழுத்தில் இன்னொரு பாடலின் பெயர்.