எடை குறைந்த சூப்பர் டெலிபோட்டோ லென்ஸ்

முக்காலி இல்லாமல் கையில் பிடித்தே காட்டுயிர்களைப் படமெடுக்க உதவும், 400 மி.மீ.க்கு மேல் குவியத் தூரமுள்ள லென்ஸ். நிக்கான் 2018இல் வெளியிட்ட 500 மி.மீ. எஃப்/5.6 பி.எஃப். லென்ஸ் சுமார் 1,460 கிராம். அதே நிறுவனத்தின் 500 மி.மீ. எஃப்/4 லென்ஸோ 3 கிலோவைத் தாண்டும். பி.எஃப். லென்ஸில் உள்ள, நுண்ணிய வட்ட வரிகள் கொண்ட ஒரு வில்லை நிறப்பிறழ்ச்சியைத் திருத்திவிடுவதால் நீளமும் எடையும் குறைகின்றன. எதிர்வெளிச்சத்தில் மட்டும் வண்ண வளையம் தோன்றலாம். எஃப்/4 லென்ஸைவிட ஒளி ஒரு ஸ்டாப் குறைவு என்பதால், வால்பாறைச் சோலை நிழலில் சிங்கவால் குரங்கை எடுக்க ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டிவரும். சூலூர்க் குளத்திலும், 2024இல் ராம்சர் தகுதி பெற்ற திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் கரையோரம் நடந்தபடி பறவைகளைத் தொடர இதுவே மிக ஏற்றது. கூடு கட்டியிருக்கும் பறவையை எந்த லென்ஸோடும் நெருங்கக் கூடாது.