ஒற்றைப் பாதையும் வட்டத் தகடும்

பேராதனையிலிருந்து கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1874ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நோரிச் நகருக்கருகே தோர்ப் என்னுமிடத்தில், ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக வந்த இரு வண்டிகள் மோதி 25 பேர் மாண்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அன்று எவரும் இணைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் நம் மலைநாட்டு நிலைய அதிபர்களின் அறைகளில் பின்னர் வந்து அமர்ந்த கருவி, தோர்ப் விபத்தின் விளைவாகப் பிறந்ததேயாகும்.

அவ்விரவு நடந்தது இதுதான். நோரிச்சிலிருந்து புறப்பட வேண்டிய விரைவு வண்டி தாமதமாயிற்று. எதிர்த் திசையில் பிரண்டல் நிலையத்தில் தபால் வண்டி காத்து நின்றது. தபால் வண்டியை வரவிடலாம் என்று நோரிச்சிலிருந்து தந்தி போயிற்று. அதிகாரியின் கையொப்பமின்றி அத்தகைய தந்தியை அனுப்பலாகாது என்பது விதி. அன்று கையொப்பம் இல்லை. இதற்கிடையில் விரைவு வண்டியும் வந்து சேர, அதையும் அனுப்பிவிட்டார்கள். தவறு தெரிந்து மறுதந்தி அடித்தபோது, தபால் வண்டி புறப்பட்டுவிட்டது என்ற விடையே கிடைத்தது. தந்திக் கம்பி செவ்வனே வேலை செய்தது. விதியும் நல்ல விதியே. ஆனால் அவ்விதியை மீறுவதை எந்தப் பொறியும் தடுக்கவில்லை.

இக்குறையை நீக்க முயன்றவர் எட்வர்ட் டையர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1878இல் அவர் உரிமை பெற்ற 'டேப்லட்' முறை, மனிதனின் ஞாபகத்திடமிருந்து ஒரு கடமையைப் பறித்து இயந்திரத்திடம் கொடுத்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டையும் இணைப்பது ஒரு மின்கம்பி. அவற்றினுள்ளே அப்பாதைத் துண்டின் பெயர் பொறித்த வட்டத் தகடுகள். எதிர் நிலையத்தார் இசைந்து மின்னோட்டம் தந்தாலன்றி இங்கே தகடு வெளிவராது. ஒரு தகடு வெளிவந்துவிட்டாலோ, அது இரண்டில் ஒரு கருவிக்குள் மீண்டும் இடப்படும் வரை இரண்டுமே பூட்டிக்கொள்ளும். தகடு கையில் இல்லாத சாரதி அப்பாதைக்குள் நுழையலாகாது. வளையம் பொருத்திய பையில் அதனை வைத்து, ஓடும் வண்டிக்கும் மேடைக்குமிடையே கைமாற்றும் காட்சி மலைநாட்டுப் பயணிகளுக்குப் பழகிய ஒன்று.

இம்முறையில் வியக்கத்தக்கது பூட்டு அன்று. பூட்டுச் செய்வது எளிது. பூட்டிய பின் பல்லாண்டு நடத்துவதே அரிது. ஒரு திசையில் வண்டிகள் மிகுதியாக ஓடினால் தகடுகள் எல்லாம் ஒரே நிலையத்தில் குவிந்துவிடும். அப்போது உரிய பணியாளர் வந்து கருவியைத் திறந்து, அவற்றை எண்ணி மறுபக்கம் கொண்டுசென்று சேர்க்க வேண்டும். தகடு தொலைந்தால் என்ன செய்வது, கம்பி அறுந்தால் வண்டியை எப்படி விடுவது, மின்கலம் தளர்ந்தால் யார் மாற்றுவது ஆகிய அனைத்தும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டன. கருவி பழுதுற்ற நாளிலும் சேவை நடக்க ஒரு வழி உண்டு: பாதைத் துண்டிற்கென ஒரே ஒருவரை நியமிப்பார்கள், அவர் உடன் வந்தாலோ நேரில் நின்று அனுமதித்தாலோ அன்றி எவ்வண்டியும் நகராது. தகடு செய்த வேலையை அம்மனிதர் செய்வார்.

இத்தகைய முன்யோசனை இலங்கைப் புகையிரதத்தின் தொடக்கத்தில் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1858 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். கொழும்பு - கண்டிப் பாதைக்கு முதலில் கூறிய மதிப்பீடு ஒன்பது இலட்சம் பவுனுக்குள் அடங்கியிருந்தது. அடுத்து வந்த மதிப்பீடோ அதைப் போல் இரு மடங்கையும் தாண்டிற்று. கம்பெனியின் ஒப்பந்தம் முறிந்து, அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. வண்டி கண்டியை அடைந்தது 1867இல்தான்.

எல்லாம் கோப்பிக்காகச் செய்த ஏற்பாடு. அந்தோ, பாதை கண்டியை எட்டி இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றியது. நாவலப்பிட்டிக்குப் பாதை வந்தபோதே அது ஏற்றிச் செல்ல வந்த பயிர் நோயுற்றிருந்தது. நானுஓயாவை அது 1885இல் தொட்டபோது கோப்பி வீழ்ந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. திட்டமிட்டவர்களின் கணக்கு பொய்த்தது, பாதை பிழைத்தது. அதனைத் திட்டத்தின் வெற்றி என்பதைவிடத் தேயிலையின் தயவு என்பதே பொருந்தும். பின்னர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்ட மக்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டதும் இதே தண்டவாளத்தின் மீதுதான். எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறாத சுமை அது.

கொழும்பைச் சூழ்ந்த பாதைகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்ண விளக்குகள் வந்தன. மருதானையிலிருந்து ஒரே பலகையில் பல நிலையங்களை ஆளும் வசதியும் வந்தது. மலைநாட்டிற்கும் அதுவே உடனே வேண்டும் என்பார் உண்டு. வேண்டியதுதான். ஆனால் மருதானையின் சமதரை வேறு, கம்பளைக்கு மேலுள்ள மண்சரிவுச் சரிவுகள் வேறு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சிதைந்தது. அத்தகைய மழையில் புதிய கருவி முதலில் இழப்பது மின்சாரத்தையும் கம்பியையும்தான். ஆகவே புதுக் கருவி வாங்குவோர் விலையை மட்டும் கேட்டுக் கையொப்பமிடலாகாது. உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், நள்ளிரவில் பழுது பார்க்க நாவலப்பிட்டியில் யார் இருப்பார், அவருக்குப் பயிற்சி அளிப்பவர் யார், கருவி முற்றும் செயலிழந்தால் வண்டிகளை விடுவதற்குரிய விதி எது, பழைய தகடுகளை எந்நாளில் எடுத்துவிடுவது ஆகிய வினாக்களுக்கும் அதே தாளில் விடை வேண்டும். டையரின் கருவிக்கு இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு விடை எழுதப்பட்டிருந்தது.