சிப்கோ கிளர்ச்சியின் தோற்றுவாய்

இமயச் சாரலில் 1973-இல் எழுந்த சிப்கோ இயக்கத்தைக் காட்டின்மேற் கொண்ட காதலின் விளைவெனக் கூறுவாருளர். யாம் அங்ஙனம் கருதுகிலம்; அஃது உழவர்தம் உரிமைப் பூசலாகவே தோன்றிற்று. கோபேசுவரத்துத் தொண்டர் வேளாண் கருவிகள் செய்தற்கு ‘அங்கூ’ மரங்கள் சில வேண்டினர், வனத்துறை மறுத்தது. அம்மரங்களையே விளையாட்டுப் பொருள் செய்யும் அலகாபாத்து நிறுவனமொன்றற்கு அளித்தது. முறையீடு பயனற்ற பின்னரே மரங்களைத் தழுவிக் காக்கும் முடிவு பிறந்தது. மண்டல் என்னும் சிற்றூரில் மக்கள் பறை முழக்கித் திரண்ட அளவிலேயே வெட்ட வந்தோர் மீண்டனர்.

ரேணியில், 1974 மார்ச்சு 26 அன்று, நிலை வேறு. ஆடவர் இழப்பீடு பெறுவான் சமோலிக்குச் சென்றிருந்தனர். கௌரா தேவி தலைமையில் மகளிரே மரங்களைக் காத்து நின்றனர். 1970-இல் அளகநந்தாவிற் பெருகிய வெள்ளத்தை அவ்வூரார் மறந்திலர்.