சீரத்திலிருந்து கோளத்திற்கு: கட்டி தொடக்க உயிரணுக்களின் ஆய்வக வளர்ப்பு வரலாறு

திறவுச்சொற்கள்: கட்டி தொடக்க உயிரணு, புற்றுக் குருத்தணு, வளர்ப்பு ஊடகம், சீரம், நரம்புக்கோளம்

முன்னுரை

ஒரு புற்றுக்கட்டியில் அடங்கியுள்ள உயிரணுக்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. புதிய கட்டி ஒன்றைத் தோற்றுவித்து நெடிது நிலைநிறுத்தும் ஆற்றல் பல கட்டிகளில் ஒரு பகுதி உயிரணுக்களுக்கே உண்டு என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் வலுப்பெற்ற கருத்தாகும். அவை கட்டி தொடக்க உயிரணுக்கள் எனவும் புற்றுக் குருத்தணுக்கள் எனவும் வழங்கப்பெறுகின்றன. இவ்விரண்டும் ஒருபொருட் பலசொற்களாக ஆளப்பட்டாலும், முன்னது சோதனையில் காட்டப்பட்ட ஒரு செயலைக் குறிக்கும். பின்னது அச்செயலுக்குக் காரணமெனக் கருதப்படும் இயல்பைக் குறிக்கும். இவற்றின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. அதனை வளர்ப்பு ஊடகத்தின் வரலாறாகப் படிப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சீரத்தின் காலம்

1907ஆம் ஆண்டு ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, உடலுக்கு வெளியே நரம்பிழை வளர்வதைக் கண்டார். மனிதப் புற்றணு முடிவின்றிப் பெருகியது 1951இல், பால்டிமோர் நகரில் ஜார்ஜ் கையின் ஆய்வகத்தில்தான். ஹென்ரியேட்டா லேக்ஸ் என்னும் பெண்மணியின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரது ஒப்புதல் கேட்கப்படாமலேயே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் அவை. கையின் ஊடகத்தில் கோழிக் குருதியின் பிளாஸ்மா, மாட்டுக் கருவின் சாறு, மனிதத் தொப்புள்கொடிச் சீரம் ஆகியன கலந்திருந்தன. பின்னர்க் கன்றுக் கருவின் சீரமே உலகெங்கும் வழக்காயிற்று.

சீரத்தில் உயிரணுக்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு விரைந்து பகுத்துப் பெருகும். ஆதலால் சீரத்தில் பெருகியவை எவையோ அவையே புற்றுநோயின் மாதிரிகளாக ஏற்கப்பட்டன, பெருகாதவை கழிவாயின. கட்டியின் எப்பகுதி இழக்கப்படுகிறது என்னும் வினா அப்போது பரவலாக எழவில்லை. இம்முறையின் மற்றொரு குறை வெகுகாலம் கழித்தே தெரிந்தது. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் உருவாக்கப்பட்ட யு87 என்னும் மூளைக்கட்டி உயிரணுத் தொடர் எண்ணற்ற மருந்தாய்வுகளுக்கு அடிப்படையாயிற்று. அந்நகரத்து ஆய்வாளர்களே 2016இல் மூலக்கட்டியின் திசுவோடு மரபணு அடையாளத்தை ஒப்பிட்டபோது, உலகெங்கும் வழங்கப்படும் தொடர் அக்கட்டிக்கு உரியதன்று எனப் புலனாயிற்று. அதுவும் மூளைக்கட்டியினின்று வந்ததாகவே தோன்றுகிறது. ஆயினும் யாருடையது என்பது தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

ஒற்றை வெண்குருதிப் புற்றணுவே சுண்டெலி ஒன்றிற்கு நோயைக் கடத்த வல்லது என்பதை 1937இல் ஃபர்த், கான் ஆகிய இருவரும் காட்டியிருந்தனர். எனினும் எல்லா அணுக்களுக்கும் அவ்வாற்றல் உண்டா என்பது வேறு வினா. 1977இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன் ஹாம்பர்கரும் சிட்னி சால்மனும் நோயாளிகளின் கட்டி உயிரணுக்களை மென்மையான அகாரில் இட்டனர். இட்டவற்றுள் மிகச் சிலவே கூட்டமாகப் பெருகின; பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. நோயாளிக்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க இம்முறை உதவும் என எதிர்பார்க்கப்பட்டது. பல கட்டிகள் போதிய கூட்டங்களைத் தராமையால் அது நிலைபெறவில்லை.

1994இல் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர், கடும் வெண்குருதிப் புற்றில் ஏறத்தாழ 2,50,000 அணுக்களுக்கு ஒன்றே நோயெதிர்ப்புத் திறனற்ற சுண்டெலியில் நோயைத் தொடங்குகிறது எனக் கணக்கிட்டனர். அவ்வணுக்களின் மேற்பரப்பில் சிடி34 உண்டு, சிடி38 இல்லை. இவ்வாறு, எண்ணிக்கையும் அடையாளமும் ஒருங்கே கிட்டின.

கோளங்கள்

திருப்பம் புற்றுநோயியலுக்கு வெளியிலிருந்து வந்தது. கனடாவின் கால்கரியில் ரெய்னால்ட்ஸ், வைஸ் இருவரும் 1992இல் வளர்ந்த சுண்டெலியின் மூளைத் திசுவைச் சீரமே இல்லாத ஊடகத்தில், மேற்றோல் வளர்ச்சிக் காரணியோடு வளர்த்தனர். பெரும்பாலான உயிரணுக்கள் மடிந்தன. எஞ்சிய சில, மிதக்கும் கோளங்களாகத் திரண்டன. இவையே நரம்புக்கோளங்கள். சீரம் சேர்ந்தால் இக்குருத்தணுக்கள் முதிர்ந்து வேறு வகை அணுக்களாக மாறிவிடும்.

இந்த ஊடகத்தையே ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் ஆகியோர் டொராண்டோவில் மூளைக்கட்டிகளுக்குப் பயன்படுத்தினர் (2003). சிடி133 தாங்கிய அணுக்கள் கோளமாயின. மறு ஆண்டில், அத்தகைய 100 அணுக்களே சுண்டெலியின் மூளையில் கட்டியை உண்டாக்கின என்றும், அவ்வடையாளம் இல்லாதவை 50,000க்கு மேல் செலுத்தப்பட்டும் கட்டியாகவில்லை என்றும் அறிவித்தனர். இதே காலத்தில் மிச்சிகனில் அல்-ஹஜ், கிளார்க் முதலியோர் மார்பகக் கட்டியில் ஒத்த முடிவை எட்டினர். ஆனால் அவர்கள் குடுவையை நாடாமல் சுண்டெலியையே வளர்ப்பிடமாகக் கொண்டனர்.

இவ்வரலாற்றில் உரிய கவனம் பெறாத சோதனை 2006இல் வெளிவந்தது என்றே கூறலாம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஜியாங்வூ லீ, ஹோவர்ட் ஃபைன் குழுவினர் ஒரே நோயாளியின் கிளியோபிளாஸ்டோமா கட்டியைப் பகுத்து, ஒரு பகுதியைச் சீரத்திலும் மறுபகுதியைச் சீரமின்றி இரு வளர்ச்சிக் காரணிகளோடும் வளர்த்தனர். சீரமற்ற குடுவையில் வளர்ந்தவை மூலக்கட்டியின் மரபணு இயல்பைப் பேணின. சுண்டெலி மூளையில் நோயாளியின் கட்டியைப் போலவே ஊடுருவிப் பரவின. சீரத்தில் வளர்ந்தவை குருத்தியல்பை இழந்தன. நாளடைவில் குரோமோசோம் அமைப்பிலும் திரிந்தன. அரை நூற்றாண்டாக உயிரணுக்களை எளிதில் வளரச் செய்த பொருளே, தேடப்பட்ட உயிரணுவை அழித்து வந்தது என்பதற்கு இதனினும் நேரான சான்று அரிது.

எனினும் கோளம் என்பதும் குருத்தணுவுக்குச் சான்றாகாது. மிதக்கும் கோளங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைவதால் ஒரு கோளம் ஒரே அணுவினின்று தோன்றியது எனக் கொள்ள இயலாது. அதன் நடுவில் ஆக்சிசன் குன்றுவதால், உள்ளும் புறமும் வேறுபடும். எனவே அணுக்களைப் படிப்படியாகக் குறைத்து, கிண்ணத்திற்கு ஒன்றாக இட்டுச் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2009இல் ஸ்டீவன் பொலார்ட் முதலியோர் லாமினின் பூசிய தளத்தில் இவ்வணுக்களை ஒற்றை அடுக்காக வளர்த்து, கோளம் இன்றியமையாததன்று எனக் காட்டினர்.

சுண்டெலி என்னும் ஊடகம்

இறுதித் தீர்ப்பைச் சுண்டெலியிடம் விடுவதிலும் இடர் இருந்தது. 2008இல் குவின்டானா, ஷான் மாரிசன் குழுவினர் எதிர்ப்புத் திறன் மேலும் குன்றிய சுண்டெலிகளில், அடித்தளப் புரதக் கூழோடு மெலனோமா அணுக்களைச் செலுத்தினர். பல இலட்சத்தில் ஒன்று என மதிப்பிடப்பட்டிருந்த கட்டி தொடக்க அணுக்கள், நான்கில் ஒன்று என்னும் அளவுக்கு உயர்ந்தன. அரிதாய் இருந்தது உயிரணுவா, அதனை ஏற்ற உடலா என்னும் ஐயம் இங்கே எழுகிறது. வெண்குருதிப் புற்றின் முடிவுகள் இதனால் பொய்யாகவில்லை. கட்டிக்குக் கட்டி விகிதம் மாறுபடும் என்பதே தெளிவாயிற்று.

மருந்தாய்விலும் இதே சிக்கல் தொடர்ந்தது. 2009இல் பியூஷ் குப்தா, ராபர்ட் வைன்பர்க், எரிக் லாண்டர் முதலியோர் ஏறத்தாழ 16,000 வேதிப்பொருள்களைச் சோதித்து, கோழி வளர்ப்பில் பயன்படும் சாலினோமைசின் மார்பகப் புற்றுக் குருத்தணுக்களை அழிக்கிறது எனக் கண்டனர். ஆனால் அவ்வளவு பெரிய தேர்வுக்கு வேண்டிய குருத்தணுக்களை இயல்பு மாறாமல் வளர்த்தெடுக்க வழியில்லை. ஆகவே ஈ-கேடெரின் புரதம் அடக்கப்பட்ட, ஆய்வகத்தில் உருமாற்றப்பட்ட மார்பக உயிரணுக்களையே பதிலியாக வைத்து அத்தேர்வை நடத்தினர்.